தள்ளுபடியான கடனும் அறுப்பின் பண்டிகை ஏலமும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் வாசகர் கடிதப் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகர், எங்கள் பக்கத்துத் தேவாலயங்களில், விளைச்சலுக்காகக் கடவுளுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகையில் நடக்கும் ஏலத்தைப் பற்றி எழுதியிருந்தார். ஒரு தேங்காய் பல ஆயிரம் ரூபாய்க்குப் போகிறதே, இது கடவுளுக்கு நன்றியா, பணக்காரர் பந்தாவா என்பது அவருடைய முதல் கேள்வி. இரண்டாவது கேள்வியில் காரம் அதிகம். வெள்ளத்தில் வாழை மொத்தமும் சாய்ந்த வருடத்திலும் இவர்கள் ஸ்தோத்திரம் பாடினார்களே, யாருக்கு, எதற்கு?

கேட்க வேண்டிய கேள்விகள்தான். எங்கள் சபைக்குள்ளேயே இதைக் கேட்கிறவர்கள் உண்டு. மைக்கில் கேட்பதில்லை, அவ்வளவுதான். நான் தூத்துக்குடி மாவட்டம் ஏரல் பக்கத்துக் கிராமத்துக்காரன். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊர் சி.எஸ்.ஐ. சபையில் பண்டிகைக்கு ஏலம் கூறுகிறவனும் நானே. ஆகவே பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது.

பார்க்காதவர்களுக்காக ஏலத்தைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். அன்று ஆராதனைக்கு வரும்போது ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் முதற்பலனைக் கொண்டுவருவார்கள். சக்கை வாழைத்தார், இளநீர்க் குலை, பூசணிக்காய், கால் கட்டின கோழி, ஓலைக் கொட்டானில் கருப்பட்டி, ஆத்தூரில் கொடிக்கால் வைத்திருக்கிறவர்களுக்கு உறவென்றால் ஒரு கட்டு வெற்றிலை. வயல் இல்லாதவர்கள் முறுக்கு சுட்டுக் கொண்டுவருவார்கள். தையல்காரர் ஒருவர் வருடா வருடம் ஒரு பாவாடை தைத்துக் கொண்டுவருவார். ஐயர், அதாவது எங்கள் சபைப் போதகர், ஜெபம் பண்ணி முடித்ததும் கோயில் (தேவாலயத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) முற்றத்து வேப்பமரத்தடியில் மைக் வைத்து ‘ஒருதரம், ரெண்டுதரம்’ ஆரம்பித்துவிடும். எடுத்தவர் பல நேரம் பொருளை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார். ‘திரும்பவும் கோயிலுக்கே’ என்பார். நான் மறுபடி கூறுவேன். ஒரே தேங்காய் நாலு கை மாறும். சென்னையிலிருந்தும் துபாயிலிருந்தும் லீவில் வந்த பிள்ளைகள் இருக்கிற வருடம் அது இன்னும் ஏறும்.

இதில் பந்தா கிடையாது என்று எழுத எனக்கு நாக்கூசுகிறது. ஒரு வருடம், வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை நின்றுபோன பங்காளிகள் இரண்டு பேர் ஒரு சேவலை வைத்து மோதிக்கொண்டார்கள். சேவலின் விலை கிடேரிக் கன்றின் விலையைத் தாண்டியது. கூட்டம் கைதட்டியது. சேவலுக்கு மட்டும் ஒன்றும் விளங்கவில்லை. அதே முற்றத்தில், நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு பாட்டி, தான் கொண்டுவந்த நாட்டுக்கோழி முட்டையை யாரும் மலிவாகக் கேட்டுவிடக் கூடாதே என்று, இடுப்புச் சுருக்குப்பையைப் பிடித்துக்கொண்டு தானே முதல் விலை கேட்பதையும் நான் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே ஏலம்தான். வாசகர் முதலாவதைப் பார்த்திருக்கிறார்.

என்னைக் கேட்டால், ஏலத்தைவிட உறுத்துவது வேறொன்று. எங்கள் கூட்டங்களில் ‘சாட்சி’ சொல்வது என்று ஒரு வழக்கம் இருக்கிறது. கர்த்தர் செய்த நன்மையை எழுந்து நின்று சபைக்கு முன்பாகச் சொல்வது. நல்ல வழக்கம். ஆனால் இப்போது அதில் வருவதெல்லாம் என்ன? மாடி எடுத்துக் கட்டினேன், மகனுக்குக் கனடா விசா வந்தது, மகளுக்கு மெடிக்கல் சீட் கிடைத்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு அல்லேலூயா. அதே பெஞ்சில், விசா மறுக்கப்பட்டவனின் தாயும் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சாட்சி கிடையாதா? கர்த்தர் அவள் வீட்டு விலாசத்தை மறந்துவிட்டாரா?

இயேசு சொன்ன பரிசேயன், ஆயக்காரன் உவமை எங்களில் எல்லோருக்கும் தெரியும். மதச் சட்டத்தைக் கண்டிப்பாகக் கைக்கொள்ளும் பரிசேயனும், வரி வசூலிக்கும் ஆயக்காரனும் ஜெபம் பண்ணப் போகிறார்கள். ஆயக்காரன் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு ‘பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்’ என்றான், நீதிமானாக வீட்டுக்குப் போனான். பரிசேயன் என்ன ஜெபம் பண்ணினான் என்பதைத்தான் நாம் வேகமாகத் தாண்டிவிடுகிறோம். அவன் ஒன்றும் கேட்கவில்லை, முறையிடவில்லை. ‘மற்ற மனுஷரைப்போல நான் இராததனால் உம்மை ஸ்தோத்திரிக்கிறேன்’ என்றான். அதாவது அவன் சொன்னது ஒரு ஸ்தோத்திர ஜெபம். நன்றி சொல்லிக்கொண்டேதான் அவன் கெட்டான். எங்கள் சாட்சிகளைக் கேட்கும்போது அந்த உவமை எனக்குள் ஓடிக்கொண்டே இருக்கும்.

என் உத்தியோகத்துக்கு வருகிறேன். கிருபை, அதாவது தகுதி பார்க்காமல் கிடைக்கும் தயவு, என்பதைப் பிரசங்கத்தில் கேட்டதைவிடச் சங்கத்துக் கவுன்ட்டரில் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். 2006-இல் கலைஞர் பதவியேற்ற அன்றே கையெழுத்துப் போட்டுக் கூட்டுறவுக் கடன்களைத் தள்ளுபடி செய்தார். 2016-இல் ஜெயலலிதா அம்மையாரும் பதவியேற்ற அன்றே கையெழுத்திட்டார். அது சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். 2021 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமி 16.43 லட்சம் விவசாயிகளின் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்வதாக சட்டமன்றத்தில் அறிவித்தார். அதே வருடம் புதிய அரசு 5 பவுன் வரையிலான நகைக்கடன் தள்ளுபடியை அறிவித்தது. அரசியல் பேச இதை எழுதவில்லை. கடன் தள்ளுபடியானவர்களின் முகங்களை அடுத்தடுத்துப் பார்க்கும் வேலை எனக்கு வாய்த்தது, அதைச் சொல்கிறேன்.

முதலில் வருவது பட்டியல். சிட்டா, அடங்கல், ஆதார், குடும்ப அட்டை எல்லாம் ஒத்துப்போக வேண்டும். 2016-இல் ஐந்து ஏக்கருக்குமேல் கொஞ்சூண்டு கூடுதலாகச் சிட்டாவில் இருந்ததால் பட்டியலுக்கு வெளியே நின்றவர்கள் உண்டு. ஊருக்கு எதிரே ஒட்டின தகுதிப் பட்டியலை விரல் வைத்து வைத்துத் தேடி, பெயர் இல்லாமல் திரும்பிப்போன பெண்களின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அரசாங்கப் பணம் ஊரார் பணம். கணக்குப் பார்க்கத்தான் வேண்டும். அதில் குறை சொல்ல மாட்டேன்.

தள்ளுபடிச் சான்றிதழை வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இருக்கவில்லை. ‘வரவேண்டியதுதானே வந்திருக்கு, இதுல என்ன’ என்று மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போனவர்கள் அதிகம். ஒரு பெரியவர் மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ‘அப்ப நான் ஒண்ணும் கட்ட வேண்டாமா அண்ணாச்சி? கையெழுத்துகூட வேண்டாமா?’ என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. மறுநாளும் வந்து அதையே கேட்டார்.

இன்னொருவர் ஒழுங்காகக் கட்டியவர். தவணை தேதிக்கு முந்தின நாளே வந்துவிடுவார். அவர் கவுன்ட்டரில் கையை ஓங்கித் தட்டி, ‘ஒழுங்காக் கட்டுனவன் கேணையன், கட்டாதவன் கெட்டிக்காரனா? எனக்கு என்ன பதில் சொல்லுதிய?’ என்று கேட்டார். நான் என்ன சொல்ல? சங்கத்து நியாயப்படி அவர் பேசியது முழுக்கச் சரி. அவரைப் போன்றவர்கள் இல்லாவிட்டால் சங்கத்துக்குப் பூட்டுத்தான். இயேசு சொன்ன கெட்ட குமாரன் கதையில், சொத்தை அழித்துவிட்டுத் திரும்பிய தம்பிக்குத் தகப்பன் விருந்து வைத்ததைக் கேட்டு, வயலிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுகொண்ட மூத்தவனும் இதே நியாயத்தைத்தான் பேசினான்: எனக்கு ஒரு ஆட்டுக்குட்டியாவது கொடுத்தீரா?

மூன்றாவது ஆள்தான் என்னை அதிகம் யோசிக்க வைத்தவர். அவருக்குத் தள்ளுபடியான தொகை லட்சத்தைத் தாண்டும். அந்த வாரமே டீக்கடை வாசலில், தன்னிடம் வாழைக்கு மண் அணைக்க வந்த கூலியாள் வாங்கியிருந்த முன்பணத்துக்காக அவன் சட்டையைப் பிடித்துவிட்டார். தொகை மூவாயிரமோ என்னவோ. பைபிளில் மத்தேயு 18-இல் பதினாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் வெளியே போய், நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனின் தொண்டையைப் பிடித்து நெரித்தான் என்று இருக்கிறது. ஏதோ பெரிதுபடுத்திச் சொன்ன கதை என்று நினைத்திருந்தேன். எங்கள் ஊர் டீக்கடையில் அதை நேரில் பார்த்தேன்.

கிறிஸ்தவ விசுவாசத்தில் என்னைப் பிடித்து நிறுத்துகிற இடம் இதுதான். தேவனிடத்தில் ஒழுங்காகக் கட்டியவர் என்று ஒருவரும் இல்லை. பத்துக் கட்டளைகளையும் தவணை தவறாமல் கட்டி முடித்தேன் என்று எவராவது பேரேட்டைத் திறந்து காட்ட முடியுமா? ஆகவே அங்கே தகுதிப் பட்டியல் ஒட்டப்படவில்லை. ‘கடனைத் தீர்க்க அவர்களுக்கு நிர்வாகமில்லாதபோது, இருவருக்கும் கடனை மன்னித்துவிட்டான்’ என்று லூக்கா எழுதுகிறார். ஐந்நூறு வெள்ளிப்பணம் கடன்பட்டவனும் ஐம்பது கடன்பட்டவனும் ஒரே வரியில். பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது இதையே கேள்வியாகக் கேட்கிறார்: ‘உனக்கு உண்டாயிருக்கிறவைகளில் நீ பெற்றுக்கொள்ளாதது யாது?’ சாட்சி சொல்ல எழுந்திருக்கிற ஒவ்வொருவரும் இந்தக் கேள்வியை ஒருமுறை மனதுக்குள் கேட்டுவிட்டு எழுந்தால், பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். மீதிப் பேர் பேசுவது கேட்க நன்றாக இருக்கும்.

எங்கள் ஆராதனை முறையில் இதற்கு ஒரு இடம் இருக்கத்தான் செய்கிறது. நற்கருணை அப்பம் வாங்குமுன் எல்லோரும் சேர்ந்து சொல்கிற ஒரு பழைய ஜெபம். உம்முடைய பந்தியிலிருந்து விழுகிற துணிக்கைகளுக்கும் நாங்கள் பாத்திரர் அல்ல என்று அறிக்கையிடுவது. அதைச் சொல்லிவிட்டுத்தான் பீடத்துக்கு முன்னால் உள்ள கம்பியருகில் முழங்கால்படியிட்டுக் கையை ஏந்துகிறோம். சேவலை ஏலம் எடுத்தவர் பக்கத்தில் முட்டைக்காரப் பாட்டி. இருவர் உள்ளங்கையிலும் ஒரே அளவு அப்பம். பரம்பரையாக இதே கம்பியருகில்கூட சாதி பார்த்துத் தள்ளி நின்ற வரலாறு திருச்சபைக்கு உண்டு. அதை மறைத்துவிட்டு இந்தப் பெருமையைப் பேச எனக்கு மனமில்லை.

தாழ்மை என்றால் தன்னைத் தானே மட்டம் தட்டிக்கொள்வது என்று சிலர் நினைக்கிறார்கள். பைபிளில் உபாகமம் 26-இல் முதற்பலன் கூடையைக் கொண்டுவருகிறவன் ஆசாரியன் முன்பாகச் சொல்லவேண்டிய வாக்கியம் ஒன்று இருக்கிறது. அறுவடை எவ்வளவு, எத்தனை மூட்டை என்று அது தொடங்குவதில்லை. ‘என் தகப்பன் அழிவுக்கு நேரான சீரியா தேசத்தானாயிருந்தான்’ என்று தொடங்குகிறது. கூடை நிறையக் கையில் வைத்துக்கொண்டு, என் தகப்பன் நாதியற்றுத் திரிந்தவன் என்று ஊரறியச் சொல்லவேண்டும். அதற்குப் பிறகுதான் கூடை இறங்கும்.

எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்களுக்கும் அப்படியொரு வாக்கியம் உண்டு, சொல்ல வெட்கப்படுகிறோம். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சம் திருநெல்வேலிச் சீமையையும் விட்டுவைக்கவில்லை. இடையன்குடியில் மிஷனரி கால்டுவெல் இருந்த காலம் அது. பஞ்ச நிவாரணத்தை ஒட்டி ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள். ‘கஞ்சிக்கு மதம் மாறினவர்கள்’ என்று அன்றும் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். இதைக் கேட்டால் எங்கள் இளைஞர்களுக்குக் கோபம் வருகிறது. எனக்கு வருவதில்லை. என் கொள்ளுத்தாத்தா பனையேறி. பசியோடு வந்தாரா, விசுவாசத்தோடு வந்தாரா என்று எனக்கு யார் சொல்ல முடியும்? பசியோடுதான் வந்தார் என்றே வைத்துக்கொள்வோம். ஐயாயிரம் பேருக்கு அப்பம் கொடுத்த இயேசு, பசி எடுத்தவன் வரக்கூடாது என்று சொல்லவில்லையே. என் கொள்ளுத்தாத்தா வாங்கின கஞ்சியில்தான் நான் பட்டப்படிப்பு படித்தேன். இதை மறந்துவிட்டு, பளிங்குக் கல்லில் பெயர் வெட்டி ஆலயச் சுவரில் பதிக்கிறோம்.

இனி வெள்ளம். அந்த வாசகரின் இரண்டாவது கேள்வியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை. காலை ஆராதனை முடியும்போதே ஐயரின் குரல் கேட்காத அளவுக்கு ஓட்டின்மேல் மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பெய்தது. தாமிரபரணி கரை மீறி ஏரல் முழுகியது. ஆற்றுப் பாலம் உடைப்பெடுத்துப் போக்குவரத்து அறுந்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுவிட்டது. தண்ணீர் வடிந்த பிறகு எங்கள் வயலுக்குப் போனேன். குலை தள்ளின ஏத்தன் வாழை அத்தனையும் ஒரே திசைக்குத் தலையை வைத்துப் படுத்துக் கிடந்தது. வெட்டுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. காய்களில் சேறு ஒட்டி, ஒரு வாடை. எங்கள் வீட்டு மோட்டார் பக்கத்து வயலில் கிடந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த பத்திரங்களை வெயிலில் காயப்போட்டோம். அதில் என் ஞானஸ்நானச் சீட்டும் ஒன்று, மை கரைந்து வெறும் தாளாகிவிட்டது.

அந்த நாட்களில் செல்போனில் சிக்னல் வந்ததும் முதலில் வந்து விழுந்தவற்றில் ஒரு வாட்ஸ்ஆப் சாட்சி. ‘எங்கள் தெருவரை வந்த தண்ணீரை ஜெபத்தினால் கர்த்தர் நிறுத்தினார்.’ அனுப்பியவர் நல்ல மனிதர்தான். ஆனால் அடுத்த தெருவில் ஜெபிக்காமலா இருந்தார்கள்? ஏரலில் ஜெபிக்கிற குடும்பமே இல்லையா? சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தபோது, எருசலேமில் குடியிருக்கிற எல்லாரிலும் அவர்கள் குற்றவாளிகளாயிருந்தார்களென்று நினைக்கிறீர்களோ என்று இயேசு கேட்டார். தப்பினவன் தப்பாதவனைப் பார்த்துச் சொல்கிற நன்றிக்கு அந்தக் கேள்வியிலேயே பதில் இருக்கிறது.

24-ஆம் தேதி ஞாயிறும் மறுநாள் கிறிஸ்துமஸும் எங்கள் கோயிலில் நடந்தது. நட்சத்திரம் கட்டவில்லை, கேக் இல்லை. தரையில் சேற்றைத் தள்ளிவிட்டு, ஈரத்தோடு பாய் விரித்திருந்தார்கள். பைபிளில் ஆபகூக் தீர்க்கதரிசி புத்தகத்தின் கடைசி அதிகாரம் வாசித்தார்கள்: அத்திமரம் துளிர்விடாமற்போனாலும், திராட்சச்செடிகளில் பழம் உண்டாகாமற்போனாலும், நான் கர்த்தருக்குள் மகிழ்ச்சியாயிருப்பேன் என்று போகிற பகுதி. அதைக் கேட்டபோது கூட்டத்தில் யாரும் அழவில்லை. அழுது முடித்திருந்தார்கள். பிறகு யாராவது ஜெபிக்கலாம் என்று ஐயர் சொன்னார். வழக்கமாக நீளமாக ஜெபிக்கிற மூப்பர்கள் எல்லாம் வாயடைத்துப்போய் நின்றார்கள். குத்தகைக்கு இரண்டு ஏக்கர் வாழை வைத்து அவ்வளவையும் இழந்த ஒருவர், பின்னால் தூண் பக்கம் நின்றபடி ஜெபித்தார். ‘ஆண்டவரே, உம்ம மேல எனக்கு வருத்தம்தான். ஆனா உம்மள விட்டா இத வேற யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்? ஸ்தோத்திரம்.’ அவ்வளவுதான். ஆமென் சொல்லச் சபைக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

வாசகரே, யாருக்கு, எதற்கு என்று கேட்டீர்கள். அந்த மனிதர் வாழைக்கு நன்றி சொல்லவில்லை, வாழைதான் போய்விட்டதே. தன்னைத் தள்ளாத ஒருவரிடம் வருத்தத்தைச் சொல்ல முடிகிறது என்பதற்குச் சொன்னார் என்றே நான் விளங்கிக்கொண்டேன். விளைச்சலுக்குக் கொடுக்கும் ரசீதாக நன்றி இருந்திருந்தால், அன்று எங்கள் கோயிலில் ஒரு பாட்டுகூட எழுந்திருக்காது. ஏன் அந்த மழை என்பதற்கு என்னிடம் விளக்கம் கிடையாது. விளக்கம் வைத்திருக்கிற பிரசங்கிமாரை நான் அந்த வருடத்திலிருந்து கேட்பதில்லை. அந்தக் குத்தகைக்காரர் தை பிறந்ததும் கடன் வாங்கிக் கன்று ஊன்றினார். தள்ளுபடி வாங்கினவர்கள் அடுத்த பருவத்துக்குச் சங்கத்துப் படி ஏறி வரும்போது அவர்களிடம் ஒரு தைரியம் இருக்கும். பழைய பாக்கி தலைக்குமேல் இல்லை என்கிற தைரியம். அதை அவர் முகத்தில் பார்த்தேன். சங்கத்தில் அவருக்குப் பாக்கி இருந்தது என்பது வேறு விஷயம்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் நன்றிகெட்டவனாவேன். ரயிலில் சிக்கியவர்களுக்குப் பக்கத்துப் புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் இந்துக் கோயிலில் வைத்துப் பொங்கிப் போட்டார்கள். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்களைத் தங்கவைத்துச் சோறு போட்டார்கள். தண்ணீருக்குள் நின்ற எவரிடமும் எவரும் மதம் விசாரிக்கவில்லை. தேவனுடைய இரக்கம் எங்கள் கோயில் காம்பவுண்டுக்குள் மட்டும் புழங்குகிறது என்று நினைக்கிறவர்கள் அந்த வாரத்தை யோசித்துப் பார்க்கட்டும்.

பெயர் வெட்டுகிற விஷயத்துக்குத் திரும்புகிறேன். அதில் என் ஆத்திரம் இன்னும் தீரவில்லை. களக்காட்டுக்குப் பக்கம் டோனாவூர் இருக்கிறது. ஏமி கார்மைக்கேல் அம்மையார் அயர்லாந்திலிருந்து மிஷனரியாக வந்தவர். 1901 முதல் டோனாவூரில் இருந்து, ஆதரவற்ற பெண் குழந்தைகளை நூற்றுக்கணக்கில் எடுத்து வளர்த்தார். 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, ஏறக்குறைய இருபது வருடம் படுக்கையறையிலேயே கழித்து, 1951-இல் இறந்தார். தன் கல்லறையின்மேல் கல் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். பிள்ளைகள் அங்கே பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு தொட்டி வைத்தார்கள். அம்மா என்று தாங்கள் அவரைக் கூப்பிட்ட ஒற்றைச் சொல்லை மட்டும் அதில் பொறித்தார்கள். அவர் பெயர்கூட இல்லை. எங்கள் ஊர் ஆலயத்தில் சுவர்க் கடிகாரம் கொடுத்தவருக்கு, கடிகாரத்தைவிடப் பெரிய கல் இருக்கிறது. மணி பார்க்கத் தலையை நிமிர்த்தினால் முதலில் கண்ணில் படுவது அவருடைய தகப்பனார் பெயரும் இன்ஷியலும்.

எங்கள் அம்மா காலத்தில் கைப்பிடி அரிசி என்று ஒன்று இருந்தது. உலை வைக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி அரிசியை அடுப்படியில் உள்ள தனிப் பானையில் போடுவாள். வீட்டில் அரிசி தட்டின நாளிலும் போடுவாள். பிடி சிறிதாக இருக்கும். வாரக் கடைசியில் அதைக் கோயிலில் கொண்டுபோய் எல்லோருடைய அரிசியோடும் கொட்டுவார்கள். புழுங்கல், பச்சரிசி, குருணை எல்லாம் கலந்து போகும். எந்தப் பிடி யாருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. ஏலம் கூறும் போது எனக்கு அந்தச் சாக்கு நினைவு வரும். இன்று பல வீடுகளில் அந்தப் பானை இல்லை, கவர் வந்துவிட்டது. கவரின்மேல் பெயர், தெரு, தொகை, காணிக்கைக்கான காரணம் என நான்கு கோடுகள். அதை ஆராதனையில் வாசிக்காவிட்டால் மறு வாரம் சண்டை.

ஆகவே வாசகரின் முதல் குற்றச்சாட்டில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். எங்கள் சபை நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டியில் ஒரு யோசனை வைத்திருக்கிறேன். ஏலத்தில் எடுத்தவர் பெயரை மைக்கில் சொல்லாமல் விலையை மட்டும் சொல்வது. காணிக்கைக் கவர்களின் பெயர்களை வாசிப்பதை நிறுத்துவது. இனி ஆலயச் சுவரில் புதுக் கல் பதிக்காமல் இருப்பது. முதல் யோசனையைக் கேட்டதுமே ‘அப்ப எவன் எடுப்பான்?’ என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அந்தக் கேள்வியையும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

தங்களிடமும் ஒரு விண்ணப்பம். எங்கள் ஊர்ப் பண்டிகைச் செய்திகளைத் தாங்கள் வெளியிடுவது மகிழ்ச்சி. ஆனால் ‘தலைமை தாங்கினார், முன்னிலை வகித்தார், குத்துவிளக்கு ஏற்றினார்’ என்று அரைப் பத்தி பெயர்கள் போன பிறகு, அசனத்தில், அதாவது பண்டிகைப் பொது விருந்தில், சாப்பிட்டவர்களைப் பற்றி ஒரு வரிகூட மிஞ்சுவதில்லை. அண்டாவுக்கு அடியில் விறகு தள்ளினவர்கள், ராத்திரி முழுக்கக் கத்தரிக்காய் வெட்டின பெண்கள் யாருமே அதில் வருவதில்லை. பெயர்களைக் குறைத்துவிட்டால் அவர்களுக்கு இடம் கிடைக்கும். இவ்வளவு எழுதிவிட்டு என் பெயரை அச்சில் பார்க்க எனக்கே ஒரு மாதிரியாக இருக்கிறது. அதனால் ஊரையும் உத்தியோகத்தையும் மட்டும் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அந்த வாசகர் வெளியூர்க்காரர் என்றால், ஏலத்தோடு திரும்பிவிடாமல் எங்கள் அசனத்துக்கும் வரவேண்டும். ஏலப் பணத்தில் ஒரு பகுதி அந்தச் சோற்றில்தான் போய்ச் சேருகிறது. சபை வரி கொடுத்தவர், கொடுக்காதவர், எங்கள் சபைக்காரர், பக்கத்து ஊர்க்காரர், பஸ்ஸுக்கு நின்றவர் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். சீட்டு கிடையாது. தேதியைக் கமிட்டி இன்னும் முடிவு செய்யவில்லை. முடிவானதும் தங்கள் அலுவலகத்துக்குத் தெரிவிக்கிறேன். பகல் பன்னிரண்டுக்குள் வந்துவிடச் சொல்லுங்கள். முதல் பந்தி போனால் கறிக்குழம்பில் எலும்புதான் மிஞ்சும், அதற்கு நான் ஜவாப்தாரி இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுக் கடன் சங்கச் செயலாளர்,
ஏரல் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.